மீள அழையாது பக்கத்தை மாற்றியமைத்தல்

அச்சுக்கூடத்திலே எழுத்துக் கோப்பவர் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாக அடுக்கிச் சட்டத்துள் இறுக்கியபின், அதனை இரண்டு பத்தியாக்க விரும்பினால், கோத்ததைக் கலைத்துப் புதிதாக அடுக்குதல் வேண்டும். இணையத்தின் வலைப்பக்கமும் நெடுங்காலம் இவ்வாறே கையாளப்பட்டது. அமைப்பை மாற்றுவதற்குப் பக்கம் முழுவதையும் தொலைவிலுள்ள சேவையகக் கணினியிலிருந்து மறுபடியும் வரவழைத்தனர். நீண்ட விண்ணப்பப் படிவமொன்றைப் பாதிவரை நிரப்பியவர், பக்கம் மீள ஏற்றப்பட்டதும் எழுதியதெல்லாம் மறைந்துபோகக் கண்டு திகைப்பதும் உண்டு.

இத்தொல்லைக்கு மருந்து, பொருளையும் கோலத்தையும் பிரித்துவைத்தமையாற் கிடைத்தது. நோர்வே நாட்டவரான ஹோக்கொன் வியூம் லீ 1994ஆம் ஆண்டில் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த நடைத்தாள் முறையிலே, பக்கம் சொல்லும் செய்தி ஓரிடத்திலும் அது தோன்றும் விதம் வேறோரிடத்திலும் எழுதப்படும். ஆயினும், பத்திகளைச் செவ்வனே அமைக்கும் கருவி அதில் அன்று இருக்கவில்லை. எண்களை நிரைப்படுத்த ஏற்பட்ட அட்டவணையையே பலர் பக்க அமைப்புக்கும் பயன்படுத்தினர். அதனாற் செய்தியும் கோலமும் மீண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. 'கிறிட்' எனப்படும் கட்ட அமைப்பு 2017 மார்ச்சிலேதான் பயர்பொக்ஸ், குரோம், சபாரி என்னும் மூன்று உலாவிகளிலும் வந்து சேர்ந்தது.

அதன் செயல் எளியது. செய்திகளை அடக்கிய பெரும்பெட்டியை ஒரு கட்டமெனவும், அதற்கு மூன்று சம நிரல்கள் உண்டெனவும் நடைத்தாளில் விதி எழுதப்படுகிறது. மற்றொரு பெயரின் கீழ், நிரல் ஒன்றே என இன்னொரு விதியும் எழுதிவைக்கப்படுகிறது. வாசகர் பொத்தானை அழுத்தியதும், ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலமைந்த சிறு கட்டளை அப்பெட்டிக்குரிய பெயரை மாற்றுகிறது, அவ்வளவே. உலாவி புதிய விதியைக் கண்டு, ஒவ்வொரு பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் இடத்தையும் மீளக் கணித்துத் திரையை வரைகிறது. சேவையகத்துக்கு இதுபற்றி ஒரு சொல்லும் போகவேண்டுவதில்லை. பெட்டிகள் பழையனவே ஆதலால், படிவத்தில் எழுதியது எழுதியபடியே இருக்கும். பெட்டிகளை அழித்துப் புதியனவற்றை ஆக்கும்படி கட்டளை எழுதுவோர் இந்த நன்மையைத் தாமே இழக்கின்றனர்.

பல வேளைகளிற் பொத்தானும் கட்டளையும்கூட வேண்டியதில்லை. ஒரு நிரல் குறைந்தது இவ்வளவு அகலம் இருக்கவேண்டுமென்றும், இடங்கொள்ளுமளவுக்கு நிரல்களை ஆக்குக என்றும் விதித்துவிட்டால், கைத்தொலைபேசியைப் பக்கவாட்டிற் திருப்பும்போது நிரல்களின் தொகை தானாகவே கூடும்.

எப்பெட்டியையும் எவ்விடத்திலும் வைக்கலாம் என்னும் இச்சுதந்திரத்தில் ஓர் இடருண்டு. கட்டம் மாற்றுவது கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கை மட்டுமே. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும், விசைப்பலகையின் 'டாப்' விசையும், பக்கம் எழுதப்பட்ட ஒழுங்கையே பொதுவாகப் பின்பற்றுகின்றன. 'அனுப்புக' என்னும் பொத்தானை முதலில் எழுதிவிட்டு, கட்டத்தின் துணையால் அதனைப் படிவத்தின் அடியிற் காட்டினால், பார்ப்பவருக்குக் குறையேதும் தோன்றாது. கேட்டு வாசிப்பவரோ, தமது பெயரைக்கூட எழுதுமுன் அப்பொத்தானையே முதலிற் சந்திப்பார்.