அணங்கு என்னும் சொல்

மாணவ நண்பர்களே, பள்ளியின் காலைக் கூட்டத்தில் நாள்தோறும் நீங்கள் வாய்விட்டுப் பாடும் ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட தம் நாடகத்தில் தமிழ்மொழியைத் தெய்வமகளாக உருவகித்து வாழ்த்தினார். அவ்வாழ்த்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1970-இல் விழாக்களில் பாடுவதற்கென ஏற்றுக்கொண்டது. அதில் நம் மொழி ‘தமிழணங்கு’ என்று விளிக்கப்படுகின்றது. அணங்கு என்றால் என்ன?

புதுக்கோட்டைச் சீமையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தேர்வில் இச்சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தேன். பாடநூலில் ‘தெய்வப்பெண்’ என்றிருந்தது. ஒரு மாணவன் மட்டும் ‘வருத்தம், அச்சம்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் கோடிட்டுச் சுழி போட்டேன். நூலகத்து அகராதியில் பார்த்ததாக அவன் தயங்கித் தயங்கிக் கூறினான். “பாடநூலைப் படி” என்று அவனை அமர்த்திவிட்டேன். பின்னொரு நாள் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை நானே புரட்ட நேர்ந்தது. வருத்தம், நோய், அச்சம், தெய்வம், தெய்வமகள், பேய் என்று பொருள்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அப்போது அம்மாணவன் பள்ளியை விட்டுச் சென்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெட்கம் ஒருவனைப் படிக்க வைக்கும் என்பது என்வரையில் உண்மையாயிற்று. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலைத் திறந்தேன். மனிதனுக்கு அச்சம் நான்கு வழிகளில் தோன்றும் என்கின்றார் ஆசிரியர். விலங்கினால் அஞ்சுகின்றோம், கள்வரால் அஞ்சுகின்றோம், தம் இறைவனிடத்தும் அஞ்சுகின்றோம். இம்மூன்றுக்கும் முன்னே முதலாவதாக அவர் வைத்தது அணங்கு. புலியையும் திருடனையும் கண்ணால் காணலாம். கண்ணுக்குப் புலப்படாமல் மலையிலும் சுனையிலும் உறைந்து வருத்துகின்ற ஒன்றை நம் முன்னோர் அவற்றினும் முந்திய அச்சமாக எண்ணினர் போலும்.

இச்சொல் வினையாகவும் வழங்கியது. அணங்குதல் என்பது வருத்துதல், வருந்துதல் என இருபாலும் நிற்கும். குறுந்தொகையின் 119-ஆம் பாட்டை நீங்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். சத்திநாதனார் பாடிய நான்கே அடிகள். சின்னஞ்சிறு வெண்பாம்பின் குட்டி ஒன்று காட்டானையை வருத்திவிடுகின்றது. அதுபோல, முளைபோன்ற பற்களும் வளையணிந்த கைகளும் உடைய இளம்பெண் ஒருத்தி தன்னை வருத்திவிட்டாள் என்று தலைவன் கூறுகின்றான். பாம்புக்குட்டியின் செயலுக்கும் பெண்ணின் செயலுக்கும் புலவர் இட்ட வினைச்சொல் ஒன்றே: அணங்குதல். அழகும் ஆபத்தும் அங்கே பிரிக்க முடியாதபடி ஒன்றி நிற்கின்றன. பிற்காலத்தார் ஆபத்தைக் கழித்துவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொண்டனர் என்பதே என் எண்ணம்.

அகப்பாடல்களில் மற்றொரு காட்சியும் உண்டு. மகள் மெலிகின்றாள், காரணம் காதல் என்பதை அறியாத தாய், முருகன் அணங்கினான் என்று கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகின்றாள். நற்றிணையின் 34-ஆம் பாட்டில் தோழிக்குப் பொறுமை எல்லை கடந்துவிடுகின்றது. இது உன்னால் வந்த அணங்கு அன்று என்று தெரிந்திருந்தும் இங்கே வந்து நிற்கின்றாயே, கடவுளாயினும் நீ அறிவிலிதான் என்று முருகனையே கடிந்துகொள்கின்றாள்! தேர்வுக்காகப் படித்த நாளில் இதன் நகைச்சுவை எனக்குப் புலப்படவில்லை.

திருக்குறளின் காமத்துப்பால் இச்சொல்லைக் கொண்டே தொடங்குகின்றது. முதல் அதிகாரத்தின் பெயர் தகையணங்குறுத்தல். அவள் திரும்பிப் பார்த்தது, தாக்கி வருத்தும் அணங்கு ஒரு சேனையையும் உடன் கொண்டு வந்ததுபோல் இருக்கின்றது என்பது அங்கே ஒரு குறளின் கருத்து. ‘தெய்வப்பெண்’ என்று மட்டும் பொருள் எழுதிப் பாருங்கள். சேனை எதற்கு வந்தது என்பது விளங்காது. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் வாயிற்காவலன், வாயிலில் நிற்கும் கண்ணகியைக் கண்டு நடுங்கி, அச்சந்தரும் தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கூறி, இவள் அவளும் அல்லள் என்கின்றான். சிவபெருமானை ஆடச்செய்த தெய்வத்தை அவ்வரிசையில் அணங்கு என்றே குறிக்கின்றான்.

அறிஞரிடையே இச்சொல்லைப் பற்றி வழக்கும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட், 1975-இல் வெளிவந்த தம் நூலில், அணங்கு என்பது ஆபத்து நிறைந்த புனித ஆற்றல் என்றும், அது சிறப்பாகப் பெண்ணிடம் உறைவதாகப் பண்டைத் தமிழர் கருதினர் என்றும் விளக்கினார். வி. எஸ். ராஜம் 1986-இல் எழுதிய கட்டுரையில் இதனை மறுத்து, சொல்லின் விரிந்த பொருளைப் பெண்ணின் ஆற்றல் என்று சுருக்கிவிட்டனர் என்றார். பாம்புக்குட்டியை நினைக்கும்போது என் மனம் ராஜத்தின் பக்கமே சாய்கின்றது.

பொருள் இவ்வாறு தேய்வது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆங்கிலத்தில் ‘வியர்டு’ என்றால் இன்று ‘விசித்திரமான’ என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அது ஊழ் என்பதைக் குறித்த பெயர்ச்சொல். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளுக்கு அச்சொல்லே அடைமொழி. ஊழை அறிந்த சகோதரிகள் என்பது அங்கே கருத்து. ‘எல்ட்ரிச்’ என்று மற்றொரு பழஞ்சொல், ஸ்காத்லாந்து எழுத்துக்களில் பதினாறாம் நூற்றாண்டு முதல் காணப்படுவது, இவ்வுலகைச் சேராத அச்சத்தைக் குறிக்கும். ‘எல்ஃப்’ எனப்படும் மாய இனத்தாரின் நாடு என்பதிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்பர். நம் அணங்குக்கு மிக நெருங்கிய உறவு அதுவே.

நம் ஊருக்கு வருவோம். சித்தன்னவாசல் குகைக்கோயிலின் முன் தூண்களில் ஆடல்மகளிர் இருவர் தீட்டப்பட்டுள்ளனர். சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது, “அணங்கைப் போன்ற அழகு” என்று உடன்வந்த ஆசிரியர் ஒருவர் வியந்தார். அழகு மட்டுமே அவர் கருத்தில் இருந்தது. அதே மாவட்டத்தின் சிற்றூர்களில் அய்யனார் கோயில்காடுகள் உள்ளன. மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். விறகுக்கு அலைகின்ற கிழவிகூட அங்கே ஒரு சுள்ளியை ஒடிக்க அஞ்சுவாள். அவளுக்கு அணங்கு என்ற சொல் தெரியாது. “சாமி இருக்கு” என்பாள். தொல்காப்பியர் முதலில் வைத்த அச்சம் அவளிடம் இருக்கின்றது, சொல் நம் பாடநூலில் இருக்கின்றது.

அதன் பின்னர் தேர்வில் இச்சொல்லைத் தனியே நிறுத்திப் பொருள் கேட்பதை நான் விட்டுவிட்டேன். செய்யுள் அடியையும் உடன் தந்து, அந்த இடத்தில் என்ன பொருள் என்றே கேட்டேன்.