ஏறிய கியரிலே இறங்குக

இறக்குவானையிலிருந்து சூரியகந்தையை நோக்கிச் செல்லும் பாதை, புலுத்தோட்டைக் கணவாயிலே கொண்டையூசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறுகிறது. சுமையேற்றிய லொறியொன்று அவ்வளைவை அணுகும்போது, அதன் குரல் ஒரு கணம் அறுந்து, பின்னர் உயர்ந்த தொனியில் மீண்டும் எழுவதைக் கேளாதார் இலர். அந்த ஒரு கணத்தில் நிகழ்வது யாது?

எஞ்சினுக்குச் சுழன்றுகொண்டிருக்கும்போதுதான் வலு உண்டு. நிற்கும் சக்கரத்தோடு அதைத் திடீரெனப் பிணைத்தால் அதன் மூச்சு அடங்கிவிடும். ஆதலால் இரண்டுக்கும் நடுவே கிளச் வேண்டியதாயிற்று. எஞ்சினோடு சுழலும் கனத்த சில்லு ஒன்று. எதிரே அழுத்தத் தட்டு ஒன்று. இடையே உராய்வுப் பொருள் பதித்த வட்டத் தகடு ஒன்று. வில்லின் அழுத்தம் மூன்றையும் ஒன்றாக்குகிறது. மிதியை அழுத்தினால் தகடு தனித்துவிடும். காலை மெல்ல எடுக்கும்போது, அது சற்றே வழுக்கிப் படிப்படியாகச் சில்லின் வேகத்தை ஏற்கிறது.

கியர்ப்பெட்டியின் தொழில் பண்டமாற்று. இருபது பற்களுள்ள சக்கரம் அறுபது பற்களுள்ளதைச் சுழற்றினால், வேகம் மூன்றிலொன்றாகக் குறையும். சுழற்றும் விசையோ ஏறத்தாழ மும்மடங்காகும். மலையை நேரே ஏறாது வளைந்து ஏறும் பாதை செய்வதும் இதுவேயன்றோ? தூரத்தைக் கொடுத்து இலகுவைப் பெறுகிறது.

1891இல் பிரான்சிலே லெவஸோர் அமைத்த வண்டியில் பற்சக்கரங்களை நகர்த்திப் பொருத்தவேண்டியிருந்தது. வேகம் ஒவ்வாவிடில் பற்கள் அலறும். 1928இல் கடிலாக் வண்டிகளில் வந்த ஒத்திசைவுப் பொறிமுறை அவ்வலறலைத் தணித்தது. அஃதில்லாத பழைய லொறிகளின் சாரதிகள், கிளச்சை இருமுறை மிதித்து, காதால் வேகத்தை அளந்தே கியர் மாற்றினர்.

ஏற்றத்திலே பிழைத்தால் வண்டி நிற்கும், அவ்வளவே. இறக்கத்திலே பிழைத்தால் நிற்காது. பத்துத் தொன் எடையுள்ள லொறி 300 மீற்றர் கீழே இறங்குகையில் விடுபடும் சக்தி, ஏறக்குறைய 90 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. அதனை முழுவதும் பிறேக்கே தாங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினாலோ, சக்கரம் எஞ்சினைச் சுழற்ற, எஞ்சின் எதிர்த்து நின்று வண்டியை அடக்கும். எரிபொருள் மீதமாகுமென நியூட்ரலில் உருளவிடுவோர் இத்துணையைத் தாமே அறுத்துவிடுகின்றனர். மீதமும் பெரும்பாலும் இல்லை: இக்கால எஞ்சின்கள் பலவற்றில், கியரிலிருக்கும் வண்டி இறங்குகையில் எரிபொருள் தானே நின்றுவிடுகிறது, நியூட்ரலிலோ எஞ்சினை அணையாது வைத்திருக்க அது வேண்டும்.

1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கைக்கும் எட்டிய களனிவெளி இருப்புப்பாதை, 1976இல் அவிசாவளைக்கு அப்பால் மூடப்பட்டது. அதன்பின் அப்பகுதியின் தேயிலையும் றப்பரும் மட்டுமல்ல, தோட்டத்துத் தொழிலாளரும் பள்ளிச் சிறாரும் தெருவையே நம்பினர். அவர்களுடைய உயிர் சாரதியின் இடக்காலிலும் இடக்கையிலும் இருக்கிறது.

ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதுவே என்பது மலைச் சாரதிகளின் பழைய விதி. அதனை இறங்கத் தொடங்குமுன் மேட்டிலேயே கைக்கொள்ளவேண்டும். வேகம் மிகுந்தபின் தேடினால், தாழ்ந்த கியர் பொருந்த மறுக்கும்.