நான்கே இதழ்களில் நின்ற போர்க் காமிக்ஸ்

‘பிளேசிங் காம்பாட்’ 1965இல் அமெரிக்காவில் வாரன் நிறுவனம் தொடங்கிய கறுப்பு வெள்ளை போர்க் காமிக்ஸ். ஆசிரியர் ஆர்ச்சி குட்வின். பெரும்பாலான கதைகளையும் அவரே எழுதினார். வீரசாகசம் அவர் நோக்கமல்ல; போர் மனிதர்களை என்ன செய்கிறது என்பதையே காட்டினார்.

இரண்டாம் இதழில் ஜோ ஆர்லாண்டோ வரைந்த ‘லேண்ட்ஸ்கேப்’ கதையின் நாயகர் ஒரு வியட்நாம் கிழவர். அரசியல் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை, நெல்வயலே உலகம். அவரையும் போர் பலிகொள்கிறது. வியட்நாம் போர் சூடுபிடித்த நேரத்தில் இப்படியொரு கதை வந்தால் சும்மா விடுவார்களா? ராணுவ முகாம் கடைகள் இதழை விற்க மறுத்தன, விநியோகஸ்தர்களும் பின்வாங்கினர். 1966இல், நான்காம் இதழோடு நின்றது.

ஃபிராங்க் ஃபிரசெட்டாவின் அட்டை ஓவியங்களுக்காகச் சேகரிப்பாளர்கள் தேடிய இந்த இதழ்களின் கதைகளை, 2009இல் ஃபேண்டாகிராஃபிக்ஸ் நிறுவனம் முழுத்தொகுப்பாக வெளியிட்டது.