ரூபாய்க்கு அரையணா

1931-ஆம் ஆண்டு மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி புத்தகங்களைச் சுமந்துகொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. பின்னால் இருந்து ஊக்கியவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். தமிழ்நாட்டு நூலக வரலாற்றைப் பேசும் எவரும் அந்த வண்டியைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒரு மனிதரின் நல்ல மனம் இருக்கும் வரைக்கும்தான் அப்படிப்பட்ட வண்டி ஓடும்.

அன்றைய நூலகங்கள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருந்தன. சென்னையில் 1896-லேயே கன்னிமாரா நூலகம் திறந்தாகிவிட்டது, அது பட்டணத்துக்காரர்களுக்கு. மற்ற ஊர்களில் வாசகசாலை என்று ஒன்று இருந்தால், ஒரு மிராசுதாரோ வணிகரோ பத்திரிகைச் சந்தா கட்டியிருப்பார். அவர் கண்ணை மூடினால் வாசகசாலையும் மூடிக்கொள்ளும். இயக்கங்கள் நடத்திய படிப்பகங்கள் எத்தனையோ தொழிலாளர்களுக்கு நாளிதழ் படிக்கும் பழக்கத்தைக் கொடுத்தன. அவையும் உண்டியல் காசையும் இரண்டு மூன்று தொண்டர்களின் உழைப்பையும் நம்பி நின்றவைதான்.

கணிதப் பேராசிரியராக இருந்த ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகப் படிப்புக்காக இங்கிலாந்து போனபோது, அங்கே நகராட்சிகள் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் வரி வாங்குவதுபோல நூலகத்துக்கும் வாங்குவதைப் பார்த்தார். வள்ளல்களைத் தேடி அலைவதை விட்டு, ஊரே சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கட்டும் என்பது அவர் கொண்டுவந்த யோசனை. அதற்காகப் பல ஆண்டுகள் மசோதா எழுதி, திருத்தி, கதவு கதவாகத் தட்டினார். கடைசியில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்படி, அதாவது அரையணா, நூலகத்துக்கு. பிற்பாடு அது மூன்று காசு, ஐந்து காசு என்று மாறி, இன்று பத்துக் காசாக நிற்கிறது.

நூலக மேம்பாட்டுக்கு மக்கள் வரிப் பணத்தைச் செலவழிக்கலாமா என்று இப்போது கேட்பவர்கள் தங்கள் வீட்டு வரி ரசீதைப் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். ஐந்நூறு ரூபாய் வீட்டு வரி கட்டும் ஓட்டு வீட்டுக்காரர் கூடவே ஐம்பது ரூபாய் நூலக வரியும் கட்டுகிறார். நாம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மகாராஷ்டிரத்தில் நூலகச் சட்டம் உண்டு, இப்படி ஒரு வரி கிடையாது. அங்கே அரசின் மானியத்தை எதிர்பார்த்துத்தான் நூலகங்கள் இருக்கின்றன.

அந்தக் காசில்தான் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் மாநிலம் முழுக்கப் பரவின. தமிழில் ஒரு கவிதைத் தொகுப்பை அச்சிடத் துணியும் பதிப்பாளர்கூட நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் அரசு ஆணையை மனத்தில் வைத்துத்தான் எத்தனை படி என்று முடிவு செய்வார்.

முன்பு கிளை நூலகத்துக்குக் காலையில் போனால், ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். மாலையில் தொடர்கதைக்காரர்கள் வருவார்கள். பெண்கள் அபூர்வம்; அக்காவுக்குப் புத்தகம் எடுக்கத் தம்பி வருவான். பூட்டிய அலமாரியின் கம்பி வலைக்குள் புத்தகங்கள் இருக்கும். எது வேண்டும் என்று கேட்டால் நூலகர் எடுத்துத் தருவார்.

இன்று அதே கிளை நூலகத்தில் கதவு திறப்பதற்கு முன்பே இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். பாதிப் பேர் பெண்கள். குரூப் ஃபோர், காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று ஆளுக்கொரு நோட்டு. பல பேர் நூலகப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. சொந்தப் புத்தகத்தோடு வந்து சாயங்காலம் வரை படிக்கிறார்கள். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஒற்றை அறை வீட்டில் டிவியும் அடுப்பும் கைக்குழந்தையும் இருக்க, ஒரு மேசையும் விளக்கும் மின்விசிறியும் அமைதியும் அந்தப் பெண்ணுக்கு வேறு எங்கே கிடைக்கும்? கையில் போன் இருக்கிறதே, எல்லாம் அதிலேயே இருக்கிறதே என்பவர்களுக்கும் இதுதான் பதில். போன் பாடம் தரும், உட்கார இடம் தராது.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் ஒன்பது தளங்களோடு அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தபோதும், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோதும் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். குழந்தைகளுக்குத் தனித் தளம், பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு, சொந்த நூல் படிக்கத் தனி இடம்: அரசு நினைத்தால் எவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியும் என்பதற்கு அவை சாட்சி. ஆனால் வரி கட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு நகரங்களிலும் இல்லை. அவர்களுடைய நூலகம் மழைக்கு ஒழுகும் கூரையோடும், மாணவிகளுக்குக் கழிப்பறை இல்லாமலும், ஒரே நூலகர் இரண்டு ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டோடும் கிடக்கிறது. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள், நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவுக்கு முழுமையாகச் செலுத்தாமல் நிலுவை வைப்பது பழைய நோய். புத்தகத்துக்கென்று மக்கள் தந்த பணம் வேறு செலவுக்குக் கரைவதை எந்த நிதி நெருக்கடியும் நியாயமாக்காது.

ஆகவே புதிதாக வரி கேட்பதற்கு முன், வாங்கிய வரி முழுதும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பணத்தில் முதல் பங்கு கிளை நூலகத்துக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் போக வேண்டும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் இன்னும் சில காசு கூடுதலாகக் கட்ட நான் தயார்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு நம் ஊரில் நூலக வரி எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு நூலகத்துக்குப் போனது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.