ஆளில்லாத அறைக்கு எதற்கு வெப்பம்?

பிரிட்டனில் அக்டோபர் பிறந்ததும் வீட்டுக்கு வீடு பாய்லர் ஓடத் தொடங்கிவிடும். பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே ஒரு கேஸ் பாய்லர். அது சூடாக்கும் தண்ணீர் குழாய் வழியே வீட்டைச் சுற்றிவந்து, ஒவ்வோர் அறையின் சுவரோரமும் இருக்கும் ரேடியேட்டருக்குள் புகுந்து, வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்பும். பல வீடுகளில் நடையில் ஒரு தெர்மோஸ்டாட் மாட்டியிருப்பார்கள். நடை 20 டிகிரியைத் தொட்டால் பாய்லர் நிற்கும், இறங்கினால் மறுபடி ஓடும். வீடு முழுவதற்குமான முடிவை யாருமே உட்காராத ஓர் இடம் எடுக்கிறது. பகலெல்லாம் காலியாகக் கிடக்கும் மாடி அறைகளும் கூடத்தோடு சேர்ந்தே சூடாகின்றன.

கேஸ் மலிவாக இருந்தவரை இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் ஆஃப்ஜெம், 2021 அக்டோபரில் ஒரு சராசரிக் குடும்பத்தின் ஆண்டு கேஸ், மின்சாரச் செலவை 1,277 பவுண்டு என்று கணக்கிட்டது. அடுத்த ஏப்ரலில் அது 1,971 ஆனது. 2022 அக்டோபரில் அரசே தலையிட்டு 2,500-இல் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. ரேடியேட்டர் வால்வைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்களும் அந்தக் குளிர்காலத்தில் குனிந்து பார்த்தார்கள்.

குனிந்து பார்த்தால் பல வீடுகளில் அறைக்கு அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஏற்கெனவே இருக்கும். ரேடியேட்டரின் ஒரு முனையில், 1 முதல் 5 வரை எண் போட்ட பிளாஸ்டிக் குமிழ்தான் அது. டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மாட்ஸ் கிளாவ்சன் 1943-இல் உருவாக்கியது. உள்ளே மெழுகோ திரவமோ நிரப்பிய சிறு குப்பி இருக்கிறது. அறை சூடானால் அது விரிந்து, கீழே உள்ள உலோக ஊசியை அமுக்கும். தண்ணீர் வரும் வழி மூடிக்கொள்ளும். அறை குளிர்ந்தால் குப்பி சுருங்கும். ஊசி எழும்பி வழி திறக்கும். இதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

இந்தக் குமிழைத் தண்ணீர்க் குழாய் போலத் திருகுவதுதான் பரவலான தவறு. குளிருகிறதே என்று 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது. 3 என்பது ஏறத்தாழ 20 டிகிரி. 3-இல் வைத்தாலும் 5-இல் வைத்தாலும் அறை ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சூடேறும். 5-இல் வைத்தால் 20-ஐத் தாண்டியும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

இந்தக் குமிழுக்குப் பதிலாக ரேடியேட்டரில் மாட்டும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் செய்வதும் அதே ஊசியை அமுக்கும் வேலைதான். குப்பி இருந்த இடத்தில் ஒரு குட்டி மோட்டார், வெப்பமானி, ரேடியோ, பெரும்பாலும் இரண்டு ஏஏ பேட்டரி. பழைய குமிழை, அதாவது வால்வின் தலையை, கையால் திருகிக் கழற்றினால் நடுவில் மெல்லிய ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். கோடை முழுக்க அசையாமல் இருந்த ஊசி சிக்கிக்கொள்வதும் உண்டு. புதுத் தலையை மாட்டும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீரை வடிக்கத் தேவையில்லை, பிளம்பரும் வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்கள் பழைய தலையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிட்டுப் போகலாம்.

புதிதாகக் கிடைப்பது நேரக் கணக்கு. காலை ஆறரைக்குக் குளியலறை, எட்டு மணிக்கு வேலை பார்க்கும் அறை, மாலையில் கூடம், இரவில் படுக்கையறை மிதமாக என்று போனிலேயே வகுத்துவிடலாம். ஜன்னலைத் திறந்ததும் வெப்பம் சட்டென்று விழுவதைக் கவனித்துப் பல கருவிகள் தாமே வால்வை மூடிக்கொள்ளும்.

இதனால் உண்மையில் எவ்வளவு மிச்சம்? லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1930-களில் கட்டிய, ஒன்றுபோல் அமைந்த இரண்டு பழைய வீடுகளை எடுத்து, ஒன்றில் வழக்கமான முறையையும் மற்றொன்றில் அறைவாரிக் கட்டுப்பாட்டையும் குளிர்காலத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அவர்களின் முடிவு: அறைவாரி முறையில் கேஸ் 11.8 சதவீதம் குறைந்தது. லண்டனின் ஹாரோ, வெம்பிளி பக்கம் நம்மவர்கள் குடியிருக்கும் வீடுகளில் பலவும் அந்தக் காலத்து வீடுகளே என்பதால் இந்த எண் கவனிக்கத்தக்கது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பாய்லரின் திறன் சற்றுக் குறைந்தது.

காரணம் சிக்கலானதல்ல. ஒரு சின்ன அறை மட்டும் வெப்பம் கேட்கிறது என்று வையுங்கள். அந்த ரேடியேட்டர் வாங்கிக்கொள்வது சுமார் ஒரு கிலோவாட். பல பாய்லர்களால் அவ்வளவு தணிந்து எரிய முடியாது. எரியும், நிற்கும், மறுபடி எரியும். வயலுக்குப் போகும் மடைகளையெல்லாம் அடைத்துவிட்டு மோட்டாரை ஓட்டுவது போலத்தான். அதனால் தண்ணீர் சுற்றிவர வழியாக, எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு ரேடியேட்டரோ, பைபாஸ் வால்வோ வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத சிக்கலும் இங்கே உண்டு. பாய்லருக்கு அருகில் உள்ள ரேடியேட்டர்கள் கொதிக்க, கோடி அறை சில்லென்று கிடந்தால், ரேடியேட்டரின் மறுமுனையில் மூடிபோட்டிருக்கும் வால்வுகளைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. ஸ்மார்ட் தலை அதற்கு மருந்தாகாது.

வாங்குகிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஸ்மார்ட் தலைகளை மட்டும் வாங்கினால் அவற்றால் வால்வைத் திறக்கவும் மூடவும்தான் முடியும், பாய்லரை எழுப்ப முடியாது. நடைத் தெர்மோஸ்டாட் ‘போதும்’ என்று பாய்லரை நிறுத்திவிட்டால், படுக்கையறை வால்வு முழுக்கத் திறந்திருந்தும் ரேடியேட்டருக்குள் ஓடுவது ஆறிய தண்ணீர். டாடோ, ஹைவ், வைசர் போன்ற பிராண்டுகளில் பாய்லரோடு பேசும் பகுதி தனியாக உண்டு. அதையும் சேர்த்தே விலை பார்க்க வேண்டும்.

ஆளில்லாத அறை என்றாலும் அடியோடு அணைத்துவிடக் கூடாது. சமையல், குளியல் ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரைத் தேடிப்போய்ப் படியும். சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை பிடிக்கும். காலி அறையை 16 டிகிரிக்குக் கீழே விடாமல், கதவைச் சாத்தி வைப்பது நல்லது. கதவைத் திறந்து போட்டால் கூடத்தின் வெப்பம்தான் அந்த அறையைச் சூடாக்கும். அறைவாரிக் கணக்கே அடிபட்டுப் போகும்.

மிச்சத்தைவிட இந்தக் கருவி எனக்கு முக்கியமாகப் படுவது முதியவர்களுக்காக. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டணத்துக்குப் பயந்து பாய்லரையே நிறுத்திவிட்டுக் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் பலர். மகனும் மருமகளும் வேலைக்குப் போன வீட்டில், அம்மா இருக்கும் அறையை மட்டும் நாள் முழுக்க 21-இல் வைக்கலாம். அந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. நன்றாக வெப்பக்காப்பு செய்த புது வீட்டில் அறைகளுக்கிடையே வேறுபாடே அதிகம் நிற்காது; மிச்சமும் சொற்பம். ஹீட் பம்ப் வைத்த வீட்டில் அறைகளை அடைப்பது எதிர்விளைவையே தரும். அது 35 முதல் 45 டிகிரித் தண்ணீரை நிதானமாக எல்லா ரேடியேட்டர்களிலும் ஓட்டும்போதுதான் சிக்கனம். பாதியை மூடினால் மீதி ரேடியேட்டர்களுக்கு இன்னும் சூடான தண்ணீர் வேண்டியிருக்கும், மின்சாரம் கூடும்.

கேஸ் பாய்லர் உள்ள பழைய வீட்டுக்காரர்கள் எல்லா அறைக்கும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. பயன்படும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும் அறைகள், அதாவது வேலை பார்க்கும் அறை, பிள்ளைகள் அறை, விருந்தினர் அறை, இவற்றுக்கு முதலில் போடலாம். மற்ற அறைகளில் பழைய குமிழே போதும், 2-இலோ 3-இலோ நிறுத்தி. பழையதோ புதியதோ, திரைச்சீலையும் சோபாவும் வால்வுத் தலையை மறைக்காமல் இருக்கட்டும். மறைத்தால் சோபாவுக்குப் பின்னால் தேங்கும் சூட்டையே அறையின் சூடு என்று அது எண்ணி வால்வை மூடிவிடும்.