வாடகைத் தோட்டக் காணிகளிற் கல்நார்

பிரித்தானியாவில் உள்ளூராட்சி மன்றங்கள் சிறு காணித்துண்டுகளைப் பயிர்ச்செய்கைக்காக மக்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. 1908ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். உழைக்கும் மக்களின் உணவுத் தேவையோடு வளர்ந்த இத்தோட்டங்களிலே, கொட்டிற் கூரைக்கும் பாத்தி வரம்புக்கும் மலிவான கல்நார்ச் சீமெந்துத் தகடுகள் பயன்பட்டன. நீல, கபிலக் கல்நார் 1985இலும் வெண்கல்நார் 1999இலும் அங்கு தடைசெய்யப்பட்டன. ஆயினும் பழைய தகடுகளை மண்வெட்டி இன்றும் வெளிக்கொணர்கின்றது.

உடையாத தகட்டில் நார்களைச் சீமெந்து பிணைத்து வைத்திருக்கும். உடைத்தாலோ அறுத்தாலோ நுண்ணிய நார்கள் காற்றிற் கலந்து நுரையீரலை அடையும். அவை விளைவிக்கும் புற்றுநோய் பல தசாப்தங்களின் பின்னரே வெளிப்படும். ஆதலால், தகடு தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்தி, இடத்தை நனைத்து மூடி, காணி உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். எரித்தலும் பொதுக் குப்பையிற் சேர்த்தலும் ஆகா. அகற்றுவோர் உரிய சுவாசக் கவசம் அணிந்து, தகட்டை உடைக்காது நனைத்து, தடித்த பொலித்தீனில் இருமுறை சுற்றி, அனுமதி பெற்ற இடத்திலேயே ஒப்படைத்தல் வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்பதே சிக்கலின் மையம். வாடகை ஒப்பந்தங்கள் பல, கல்நாரைக் காணிக்குள் கொண்டுவருவதைத் தடைசெய்கின்றன. எனவே பழி தம்மீது விழுமென அஞ்சும் வாடகையாளர் அதனை மீண்டும் புதைத்துவிடக்கூடும். அடுத்து அக்காணியை ஏற்பவர் அறியாது அதனைத் தோண்டுவார். நிலத்தின் மீதான அதிகாரம் எவரிடமோ, அதனைத் தூய்மைப்படுத்தும் கடமையும் அவரையே சார்ந்தது என்பது நமது கருத்தாகும்.