முதல் கார், சொந்தச் சம்பாத்தியத்தில்

1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தபோது, கார் என்பது நடுத்தரக் குடும்பங்கள் நெடுநாள் சேமித்து, முன்பதிவு செய்து, காத்திருந்து வாங்கும் பொருளாக இருந்தது. இன்று வாகனக் கடன் கேட்டு எங்கள் மேசைக்கு எதிரே அமர்பவர்களில் பலர் இருபத்தைந்து வயதைக்கூட எட்டாதவர்கள். கையில் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் இருக்கும். மனத்தில் வண்டியின் நிறம் முடிவாகியிருக்கும். உடன் வந்த தந்தையோ தாயோ பக்கத்து நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருப்பார். நாமே வாங்கிக் கொடுத்துவிடலாமா, அல்லது பிள்ளையே சம்பாதித்து வாங்கட்டும் என்று விட்டுவிடலாமா என்ற தயக்கம் அந்த மௌனத்தில் இருக்கும்.

புணே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியில் நான் பணியாற்றிய காலத்தில் ஓர் இளம்பெண் தம் தந்தையுடன் கிளைக்கு வந்தார். பட்டயப் படிப்பு முடித்து, கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பாகங்களை அளந்து பார்ப்பவருக்கு அவற்றால் ஆன வண்டி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஆசை எழுந்ததில் வியப்பில்லை. விரைவில் ஓய்வு பெறவிருந்த தந்தை, தமக்கு வரும் வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணத்தைத் தருவதாகச் சொன்னார். மகள் உறுதியாக மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரி என்பதே அன்றும் இன்றும் என் கருத்து. ஓய்வூதியம் இல்லாத ஒருவருக்கு அந்த நிதிதான் முதுமைக்கால உணவும் மருந்தும். விலை இறங்கிக்கொண்டே போகும் ஒரு பொருளில் அதைப் போடுவதைப் பாசம் என்று சொல்லலாம்; திட்டமிடல் என்று சொல்ல இயலாது.

கார் எவ்வளவு விரைவாக மதிப்பிழக்கிறது என்பதைக் காப்பீட்டுக் கணக்கே காட்டிவிடும். காப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கப் பயன்படும் தேய்மான அட்டவணைப்படி, ஆறு மாதம் நிறைவதற்குள் 5 விழுக்காடு கழிக்கப்படுகிறது. ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு. ஐந்தாண்டுக் கடனை ஒழுங்காகக் கட்டி முடிக்கும் வேளையில், காப்பீட்டாளரின் கணக்கில் வண்டியின் மதிப்பு பாதியாகியிருக்கும்.

தவணைக் காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது. ஐந்து இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளுக்கு எடுத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,22,750 ரூபாய். அதையே ஏழாண்டுகளுக்கு நீட்டினால் தவணை 8,045 ரூபாயாகக் குறையும். வட்டியோ 1,75,700 ரூபாயைத் தாண்டும். மாதம் 2,300 ரூபாய் குறைகிறதே என்று மகிழ்பவர்கள், அதற்கு விலையாக 53,000 ரூபாய் தருவதைக் கவனிப்பதில்லை. மாறும் வட்டியில் கடன் பெற்ற தனிநபர், கையில் பணம் வரும்போது முன்கூட்டியே செலுத்தலாம். அதற்கு வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே அறிவித்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன யோசனை எளியது. எந்தத் தவணையைக் கட்ட முடியும் என்று நினைக்கிறாரோ, அதே தொகைக்கு முதலில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கச் சொன்னேன். காசு சேர்வது ஒருபுறம் இருக்கட்டும். பண்டிகை மாதத்திலும், வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் குன்றிய மாதத்திலும் அந்தத் தொகையை விடாமல் ஒதுக்க முடிகிறதா என்பது தெரிந்துவிடும். கடன் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இது மலிவு. இரண்டு மாதம் தடுமாறிய அவர், தொகை தமக்குச் சற்று மிகுதி என்று தாமே கண்டுகொண்டார். பதினெட்டு மாதம் கழித்து, புதிய காருக்குப் பதிலாக நான்கு ஆண்டு ஓடிய சிறிய கார் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தார். தந்தை இணைக் கடனாளராகக் கையொப்பமிட்டார். (இக்கையொப்பத்தைச் சடங்காகக் கருதுவோர் பலர். பிள்ளை தவணை தவறினால், தந்தையின் கடன் வரலாற்றிலும் அது பதிவாகும்.)

பழைய வண்டி வாங்குவோர் பதிவுச் சான்றில் பெயர் மாற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முன்னவர் ஈட்டிய ‘உரிமை கோராச் சலுகை’ அவருக்கே உரியது, வண்டியோடு வராது. புதியவர் தமக்கென்று அதை ஈட்ட வேண்டும். இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்குச் சொந்தச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 20 விழுக்காடு கழிவு. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தால் 50 விழுக்காடு. சிறு கீறலுக்கெல்லாம் இழப்பீடு கோரி இதை இழப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. கவனமாக ஓட்டும் பழக்கத்துக்கு நேரடியாகப் பணம் தரும் ஏற்பாடு இதைப் போல வேறொன்றை நான் அறியேன்.

அப்பெண் வண்டிக்குள் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எரிபொருள், டயரின் காற்றழுத்தம், எண்ணெய் மாற்றிய நாள் என எல்லாம் அதில் இருக்கும். பழகுநர் உரிமம் மட்டுமே பெற்றிருந்த தம்பி சாவியைக் கேட்டபோது, தாம் பக்கத்தில் அமராமல் தர மறுத்துவிட்டாராம். சட்டமும் அதையே சொல்கிறது. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் ஆன பிறகே நிரந்தர உரிமத்துக்கான தேர்வு. அதுவரை உரிமம் பெற்ற ஒருவர் உடன் இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைத் தரும் பெற்றோருக்கோ, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

கடைசித் தவணை முடிந்ததும் சிலர் அத்துடன் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, பதிவுச் சான்றிலுள்ள வங்கியின் அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்திலும் வங்கியின் பெயரை நீக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் சான்றை வாங்க வந்தபோது, குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேரே வண்டி ஓடிய கிலோமீட்டரையும் எழுதிக்கொண்டார்.